கட்டம் சரியில்லை

ஜாதகத்தில் மொத்தம் 12 கட்டம். சூரியன் முதல் கேது வரை ஒன்பது பேரும் அதற்குள் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்து கொள்கிறார்கள். இட நெருக்கடி என்றால் ஒரே கட்டத்தில் நாலு பேர்கூட அட்ஜஸ்ட் செய்து கொள்வதுண்டு.

எக்ஸெல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரி, 16,384 பத்தி. பெருக்கினால் 1,717 கோடியே 98 லட்சத்து 69 ஆயிரத்து 184 கட்டம். (பி.காம். படித்தவனுக்குப் பெருக்கல் தானாக வரும் என்று வீட்டில் நம்புகிறார்கள். கால்குலேட்டர் உபயம்.) இவ்வளவு கட்டம் இருந்தும் ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ‘எனக்கு இடமில்லை’ என்று வெளியே நின்றுகொண்டு அழும்பு செய்கிறது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். ஐ.டி. கார்டு அடிக்கும் பள்ளிக்கூடம், டிசைன் நம்பரோடு புடவைப் படம் வைத்திருக்கும் ஜவுளிக்கடை, மெம்பர் போட்டோ ஒட்டும் சங்கம், வாடகைப் பாத்திரக் கடை என்று பட்டியலும் படமும் சேர்த்து வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு. டேட்டாபேஸில் போட்டோ லட்சணமாக இருக்கும். ரிப்போர்ட் அடித்தால் பேப்பரில் ஜம்மென்று வரும். “அதை அப்படியே எக்ஸெல்லில் அனுப்புங்க ஸார்” என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. பெயர் வரும், வயசு வரும், அட்ரஸ் வரும். மூஞ்சி மட்டும் வராது.

எக்ஸ்போர்ட் என்றதும் எங்களைப் போன்ற காமர்ஸ் ஆசாமிகளுக்குத் திருப்பூர் பனியன் ஞாபகம் வரும். லெட்டர் ஆஃப் கிரெடிட், பில் ஆஃப் லேடிங், சரக்கு குறைந்தால் இன்ஷூரன்ஸ் என்று பரீட்சைக்கு உருப்போட்டிருக்கிறோம். இந்த எக்ஸ்போர்ட்டில் சரக்கின் முகமே வழியில் காணாமல் போகிறது. க்ளெய்ம் கிடையாது.

* * *

இரண்டு பேரும் வேறு வேறு குலம், அதுதான் அடிப்படைக் கோளாறு.

டேட்டாபேஸ் என்பது பீரோ. எந்த இழுப்பறையில் எது இருக்கவேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்ட பீரோ. 1970-ல் ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த காட் என்ற கணித மூளை ஒரு கட்டுரை எழுதினார். விவரங்களையெல்லாம் அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று உறவு வைத்து அடுக்கலாம் என்றார். இன்றைக்கு பாங்க், ரயில்வே, ரேஷன் கார்டு எல்லாம் அந்த வழியில்தான் ஓடுகின்றன. அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரைப் பிடித்தால் பெயர், ஊர், போட்டோ எல்லாம் கூடவே வரும். பிரிக்க முடியாது.

எக்ஸெல் என்பது லெட்ஜர் தாள். 1979-ல் டான் பிரிக்ளின், பாப் ஃப்ராங்ஸ்டன் என்ற இருவர் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக ‘விஸிகால்க்’ என்று ஒன்றைச் செய்தார்கள். பிரிக்ளின் ஹார்வர்டில் பிஸினஸ் படித்தவர். கரும்பலகையில் ஒரு கணக்கு மாறினால் வரிசையாக எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலில் பிறந்த யோசனை அது. அதன் பேரன் முறைதான் 1985-ல் வந்த எக்ஸெல். (முதலில் மக்கின்டோஷில்தான் வந்தது. விண்டோஸுக்கு 1987-ல்.) இந்த வம்சம் முழுக்க முழுக்கக் கணக்குப்பிள்ளை வம்சம். கூட்டல், கழித்தல், வட்டி, சதவிகிதம். கணக்குப்பிள்ளையிடம் போய் ‘இந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?’ என்று கேட்டால் அவர் எடை எவ்வளவு என்றுதான் கேட்பார்.

போட்டோவைக் கட்டத்துக்குள் வைப்பதாக நாம் நினைக்கிறோம். அது கட்டத்துக்குள் போவதேயில்லை. மேலே மிதக்கிறது.

மளிகைக்கடை கல்லா மேஜையைப் பார்த்திருப்பீர்கள். மேலே கனமான கண்ணாடி. அடியில் பாக்கிச் சீட்டு, காலண்டர் அட்டை, கரண்ட் பில். அந்தக் கண்ணாடியின் மேல் நீங்கள் ஒரு போட்டோவை ஒட்டுகிறீர்கள். அடியில் இருக்கும் சீட்டுக்கு நேராகத்தான் ஒட்டுகிறீர்கள். பார்க்கிறவனுக்குச் சீட்டும் போட்டோவும் ஒன்று. ஆனால், கடைப் பையன் வந்து கண்ணாடியைத் தூக்கி, சீட்டுகளை மட்டும் தேதிவாரியாக அடுக்கி வைத்தால்? போட்டோ இருந்த இடத்தில் இருக்கும். அதற்கு நேராக வேறு ஒருவர் பாக்கி வந்து உட்கார்ந்திருக்கும்.

எக்ஸெல்லில் நடப்பது இதேதான். எழுத்தும் எண்ணும் ஒரு தளம், படம் அதற்கு மேல் வேறு தளம்.

* * *

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்த கதை ஒன்று இருக்கிறது.

திருச்சியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர், பாங்கில் ரிடையர் ஆனவர், கல்யாணத் தகவல் மையம் நடத்துகிறார். நல்ல மனிதர். ஒரு காலேஜ் பையன் அவருக்கு ஆக்ஸஸில் டேட்டாபேஸ் போட்டுக் கொடுத்திருந்தான். நட்சத்திரத்தைத் தட்டினால் பெண்ணின் படத்தோடு ரிப்போர்ட் வரும். பையன் துபாய் போய்விட்டான். அதன் பிறகு அந்த டேட்டாபேஸில் கை வைக்க யாருக்கும் தைரியமில்லை.

எல்லோரும் வாட்ஸப்பில் எக்ஸெல் கேட்க ஆரம்பித்ததும், நம்மவர் எக்ஸ்போர்ட் பட்டனை அமுக்கினார். முந்நூற்றுச் சொச்சம் பெண்களின் பெயர், படிப்பு, சம்பளம், நட்சத்திரம் எல்லாம் வந்து விழுந்தன. போட்டோ ஒன்றுகூட இல்லை. “வைரஸா இருக்குமோ?” என்று எனக்கு போன் செய்தார். வைரஸ் இல்லை. ஆக்ஸஸ் அப்படித்தான். லோகோ, ஒட்டிய படம், இணைப்பு எதுவும் எக்ஸெல்லுக்கு ஏற்றுமதி ஆகாது என்று மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

அவரிடம் வேலை பார்க்கும் பெண், பொறுமைசாலி. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு போட்டோவாக எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒட்டினாள். கண் எரிய எரிய ஒட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாலாம் நாள் காலை, பெரியவர் நட்சத்திரவாரியாக அடுக்கினால் பார்க்கச் சௌகரியமாக இருக்குமே என்று ‘ஸார்ட்’ பட்டனைத் தட்டினார். கம்ப்யூட்டருக்கு அசுவினிக்கு அடுத்தது பரணி என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது அகர வரிசை. ரேவதி, ரோகிணி எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தன. பெயர்கள் நகர்ந்தன. போட்டோக்கள், கண்ணாடி மேல் ஒட்டிய மாதிரி, நின்ற இடத்தில் நின்றன.

முந்நூறு பெண்களுக்கும் ஒரே நொடியில் முகம் மாறிவிட்டது. பெரியவர் கவனிக்கவில்லை. யாருக்குக் கவனிக்கத் தோன்றும்? ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு முகம் இருக்கிறது. சிரித்துக்கொண்டு வேறு இருக்கிறது.

கரூரிலிருந்து ஒரு குடும்பம் தஞ்சாவூருக்குப் பெண் பார்க்கக் கிளம்பியது. வாடகை வேன், பூ, பழம், ஒன்பது பேர். போய் உட்கார்ந்தார்கள். ஸொஜ்ஜி, பஜ்ஜி வந்தது. பெண்ணும் வந்து நமஸ்காரம் செய்தாள். அப்போது பையனின் அத்தை, கையில் பஜ்ஜியுடன், ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் சொன்னாள்: “போட்டோல இருந்தது இந்தப் பொண்ணு இல்லையே!”

ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். பெண்ணின் அப்பா முகம் வெளுத்துவிட்டது. அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. வேறு பெண்ணின் போட்டோவைக் காட்டி ஏமாற்றியதாக நினைத்துவிட்டார்களே! பையன் செல்போனை எடுத்து நீட்ட, அந்தப் பெண்ணே வாங்கிப் பார்த்தாள். ஒரு கூட்டுறவு பாங்கில் வேலை பார்ப்பவள். பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அத்தே, என் போட்டோ இதோ, பதினாறு பேருக்கு அப்புறம் இருக்கு. யாரோ ஸார்ட் பண்ணிட்டாங்க. நீங்க தேடி வந்த பொண்ணு திருநெல்வேலி. பஜ்ஜி ஆறிடும், சாப்பிடுங்க.”

கேட்கச் சிரிப்பு வருகிறது. அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வேன் திரும்பிப் போய், இரண்டு நாள் கழித்து ‘பொருத்தம் சரியில்லை’ என்று மரியாதையாக ஒரு போன். பெண்ணைப் பெற்றவர்கள் ஆறு மாசம் யாரையும் வீட்டுக்கு வரச்சொல்லவில்லை. தப்பு நட்சத்திரத்தின் மேல் இல்லை, பெண்ணின் மேல் இல்லை. ஒரு பட்டன்.

* * *

சரி, போட்டோவைப் பெயரோடு கட்டிப்போட வழியே இல்லையா? இருக்கிறது. படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து உள்ளே போனால், ப்ராப்பர்ட்டீஸ் என்ற தலைப்பில் மூன்று விதமான சுபாவம் இருக்கும்.

முதலாவது, கட்டம் நகர்ந்தால் கூடவே நகரும். கட்டம் சுருங்கினால் தானும் சுருங்கும். வீட்டோடு மாப்பிள்ளை. நமக்கு வேண்டியது இவர்தான்.

இரண்டாவது, கூட நகரும். ஆனால் அளவு மாறாது. தனிக்குடித்தனம் போன மகன். நல்லது கெட்டதுக்கு வருவான், வளைந்து கொடுக்கமாட்டான். ஃபில்டர் போட்டு நாலு வரியை மறைத்தால், அந்த நாலு போட்டோவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் குவிந்துவிடும்.

மூன்றாவது, நகரவும் மாட்டேன், சுருங்கவும் மாட்டேன். திண்ணைத் தாத்தா. வீட்டையே இடித்தாலும் அங்கேயே இருப்பார்.

எல்லாப் படத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து முதல் வகைக்கு மாற்றவேண்டும். அதோடு படம் கட்டத்தின் கோட்டைத் தாண்டாமல் முழுசாக உள்ளே இருக்கவேண்டும். ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஸார்ட் செய்யும்போது கூட வராமல் போகலாம். திருச்சியில் நடந்தது அதுதான்.

அண்மையில் எக்ஸெல்லே கொஞ்சம் மனம் இரங்கியிருக்கிறது. 2022-ல் ‘இமேஜ்’ என்று ஒரு ஃபார்முலா வந்தது. 2023-ல் படத்தை நிஜமாகவே கட்டத்துக்குள் வைக்கும் வசதியும் வந்தது. அப்படி வைத்த படம் பெயரோடு சேர்ந்து நகரும். ஆனால் பழைய எக்ஸெல் வைத்திருப்பவர்களுக்கு இந்த யோகம் இல்லை. தவிர, ‘இமேஜ்’ ஃபார்முலாவுக்குப் படத்தின் இன்டர்நெட் விலாசம் வேண்டும். அதாவது போட்டோவை முதலில் இன்டர்நெட்டில் ஏற்றியாக வேண்டும். புடவைக்குச் சரி. பெண் பிள்ளைகள் போட்டோவுக்கு யோசிக்கவேண்டும்.

* * *

ரிப்போர்ட் எழுதவே தனி சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அவை படத்தையும் சேர்த்து எக்ஸெல்லுக்குத் தள்ளும். பார்க்க அழகாக இருக்கும். தொட்டால்தான் தெரியும் சங்கதி.

ரிப்போர்ட் என்பது பேப்பரில் அச்சடிக்க வரைந்த கோலம். தலைப்பு இங்கே, படம் அங்கே, விலாசம் ஓரத்தில். அந்தக் கோலத்தைக் கட்டம் போட்ட தாளில் பொருத்த, சாஃப்ட்வேர் பாவம் என்ன செய்யும்? இரண்டு கட்டம், மூன்று கட்டங்களை ஒன்றாக ஒட்டி, நடுவில் வெற்றுப் பத்திகளைச் செருகி, எப்படியோ சமாளிக்கும். அப்புறம் நீங்கள் ஸார்ட் பட்டனைத் தட்டினால், ‘ஒட்டிய கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் முடியும்’ என்று எக்ஸெல் கையை விரிக்கும். தஞ்சாவூர்க் கதையை நினைத்தால் இது ஒருவகையில் நல்லதுதான்.

ஸி.எஸ்.வி. என்று இன்னொரு வழி சொல்வார்கள். கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து. தந்தி மாதிரி. தந்தியில் போட்டோ அனுப்ப முடியாது. மிஞ்சிப் போனால் போட்டோ இருக்கும் ஃபைலின் பெயர் வரும். ஆக்ஸஸிலேயே சில சமயம் படம் இருக்க வேண்டிய இடத்தில் ‘லாங் பைனரி டேட்டா’ என்று எழுதியிருக்கும். மகாலட்சுமி மாதிரி பெண், நீளமான பைனரி டேட்டா!

இந்த மாதிரி படம், பாட்டு போன்ற பெரிய சமாசாரங்களுக்கு டேட்டாபேஸ்காரர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘ப்ளாப்’. பெயர் வைத்தவர் ஜிம் ஸ்டார்க்கி. 1958-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் கொழகொழ ஜந்து ஒன்று வரும், அதன் பெயர். ‘பைனரி லார்ஜ் ஆப்ஜெக்ட்’ என்ற கௌரவமான விரிவாக்கமெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்தது.

* * *

படத்தைத்தான் இப்படிப் படுத்துகிறது, எழுத்தையாவது ஒழுங்காகக் கொண்டுவருமா என்றால், அதிலும் எக்ஸெல்லுக்கு ஒரு அதிகப்பிரசங்கித்தனம் உண்டு.

ஜோசியர் பத்துப் பொருத்தத்தில் ஏழு பொருந்துகிறது என்று 7/10 போட்டுக் கொடுத்திருப்பார். எக்ஸெல்லில் அதை அடித்துப் பாருங்கள். அக்டோபர் 7 ஆகிவிடும். பத்துக்குப் பத்து பொருந்தின மகராசிக்கு அக்டோபர் 10. பார்க்கிறவர்கள் முகூர்த்தத் தேதி என்று மண்டபம் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சயின்டிஸ்ட்டுகளே இதில் தோற்றுப் போனார்கள். மனித உடம்பில் உள்ள சில ஜீன்களுக்கு ‘மார்ச்-1’, ‘செப்ட்-1’ என்று சுருக்கப் பெயர். எக்ஸெல் அவற்றைத் தேதியாக்கிக் கொண்டே இருந்தது. கடைசியில் 2020-ல் ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் கமிட்டி ஜீன்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. மாமியாரோடு சண்டை போட முடியாமல் மருமகள் பெயரை மாற்றிக்கொண்ட மாதிரி.

போன் நம்பரின் முன்னால் பூஜ்யம் இருந்தால் தின்றுவிடும். நம்பர் 15 இலக்கத்தைத் தாண்டினால் மிச்ச இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். பதினாறு இலக்க கார்டு நம்பரின் கடைசி எண் கோவிந்தா.

இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாக 15,841 கொரோனா நோயாளிகள் கணக்கில் வராமல் போனார்கள். அங்கே பொதுச் சுகாதாரத் துறையில் ஸி.எஸ்.வி.யாக வந்த விவரங்களைப் பழைய எக்ஸெல் ஃபைலில் கொட்டியிருக்கிறார்கள். பழைய ஃபைலில் 65,536 வரிதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தது வழிந்து போய்விட்டது. யாரோடு பழகினார்கள், யாருக்குத் தொற்றியிருக்கும் என்று தேடவேண்டிய நாட்களில் அந்தப் பெயர்களே கையில் இல்லை. கட்டம் சரியில்லை என்றால் என்னென்ன நடக்கும் பாருங்கள்.

* * *

இப்போது சொல்லப்போவதைப் பெண், பிள்ளை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

2007-க்குப் பின் வந்த எக்ஸெல் ஃபைல் உண்மையில் ஒரு மூட்டை. ஃபைலின் ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலை மட்டும் ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள். அதில் ‘மீடியா’ என்று ஒரு பெட்டி. நீங்கள் ஒட்டிய அத்தனை போட்டோவும் அங்கே வரிசையாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதனால் ஒரு நன்மை உண்டு. எக்ஸெல்லிலிருந்து போட்டோவைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் ஒவ்வொன்றாக காப்பி செய்து கஷ்டப்பட வேண்டாம். மொத்தமாக அள்ளிக்கொள்ளலாம்.

அதே காரணத்தால் ஓர் ஆபத்தும் உண்டு. முந்நூறு பேர் பட்டியலில் பன்னிரண்டு பேரை மட்டும் காட்டி மிச்சத்தை மறைத்துவிட்டு, ‘உங்களுக்குப் பொருத்தமான வரன்கள்’ என்று அனுப்புகிறீர்கள். மறைத்ததுதான், எடுக்கவில்லை. மிச்ச 288 பெண்களின் படம், விலாசம், அப்பா போன் நம்பர் எல்லாம் அதே மூட்டையில் பிரயாணம் செய்கின்றன. வாட்ஸப்பில் எத்தனை கை மாறும் என்று ஆண்டவனுக்கே தெரியாது.

படத்தை ஓரம் வெட்டியிருந்தாலும் இதே கதை. அக்கா கல்யாண குரூப் போட்டோவில் பெண்ணை மட்டும் வைத்து மற்றவர்களை வெட்டுகிறீர்கள். வெட்டுப்பட்ட பகுதி பல சமயம் உள்ளேயே இருக்கும். வாங்கினவர் வெட்டைத் தளர்த்தினால், பக்கத்தில் நின்ற தோழி, அவள் கைக்குழந்தை, பின்னால் நிற்கும் ஒன்றுவிட்ட மாமா எல்லோரும் திரும்ப வந்துவிடுவார்கள். அதை நிரந்தரமாக நீக்க, படத்தைச் சுருக்கும் இடத்தில் ‘வெட்டிய பகுதிகளை நீக்கு’ என்று தனியாக ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தபின் அனுப்பவும்.

2023-ல் நம் நாட்டில் தனிநபர் தகவலைப் பாதுகாக்க என்றே ஒரு சட்டம் நிறைவேறியது. சட்டம் இருக்கட்டும். நம் வீட்டுப் பெண்ணின் போட்டோ முகம் தெரியாதவர் செல்போனில் உட்கார்ந்திருப்பதை நாம் ஒப்புக்கொள்வோமா? பிறத்தியார் வீட்டுப் பெண்ணுக்கும் அதேதான்.

* * *

பழைய காலக் கல்யாணத் தரகரை நினைவிருக்கிறதா? மஞ்சள் பை, குடை, வெற்றிலைப் பெட்டி. பைக்குள் ஐம்பது போட்டோ. ஒன்றுகூட மாறாது. காரணம், ஒவ்வொரு போட்டோவின் பின்னாலும் பென்ஸிலால் பெயர், ஊர், நட்சத்திரம் எழுதியிருப்பார். படம் தனியாகக் கீழே விழுந்தாலும் அது யார் என்று அதுவே சொல்லும்.

கம்ப்யூட்டரிலும் அதைத்தான் செய்யவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண். போட்டோ ஃபைலின் பெயரும் அதே எண். 0147 என்றால் போட்டோவும் 0147. ‘நியூ இமேஜ் காப்பி 3 ஃபைனல்’ என்றெல்லாம் பெயர் வைக்கக் கூடாது. இன்னும் ஒரு படி மேலே போய், போட்டோவின் கீழ் ஓரத்திலேயே அந்த எண்ணைப் படத்தோடு படமாக அச்சாக்கிவிட்டால் விசேஷம். யார் எந்தப் பட்டனைத் தட்டினாலும், பெயருக்கு நேரே 0147, போட்டோவில் 0163 என்றால் அத்தைக்கே தெரிந்துவிடும்.

படங்களை டேட்டாபேஸுக்குள் வைப்பதா, வெளியே ஒரு ஃபோல்டரில் வைப்பதா என்று கேட்பவர்களுக்கு: மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் சோதித்துப் பார்த்தார்கள். 256 கே.பி.க்குக் குறைவான படமென்றால் டேட்டாபேஸுக்குள் இருப்பது நல்லது; 1 எம்.பி.க்கு மேல் போனால் வெளியே ஃபைலாக இருப்பது நல்லது. நடுவில் இருப்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்றார்கள். செல்போனில் எடுத்த போட்டோ சர்வ சாதாரணமாக 4 எம்.பி. இருக்கிறது. 300 போட்டோ என்றால் 1,200 எம்.பி. ஆக்ஸஸ் டேட்டாபேஸ் மொத்தமே 2 ஜி.பி.தான் தாங்கும். ஆகவே, உள்ளே வைப்பதற்கு முன்பே படத்தைச் சின்னதாக்கிவிடுங்கள். ஒரு கட்டத்தில் கட்டைவிரல் அளவு தெரியப்போகிற படத்துக்கு 40 கே.பி. தாராளம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது பட்டியலா, ஆல்பமா? கூட்டிக் கழித்து, அடுக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் எக்ஸெல் கொடுங்கள், படம் வேண்டாம், எண் போதும். முகம் பார்க்க வேண்டுமானால் பி.டி.எஃப். கொடுங்கள். அதில் யாரும் ஸார்ட் செய்ய முடியாது. இரண்டும் ஒன்றிலேயே வேண்டும் என்று அடம் பிடித்தால்தான் அத்தனை வம்பும்.

நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டரிடம் கொஞ்ச காலம் பச்சைப் பேனா பிடித்திருக்கிறேன். ஆயிரம் வவுச்சரையும் பார்க்கமாட்டார். கட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்தை உருவி, புஸ்தகத்தோடு ஒத்துப் பார்த்து டிக் அடிப்பார். பத்தில் ஒன்று ஒத்துவரவில்லை என்றால் கட்டு முழுவதையும் பிரிக்கச் சொல்வார். போட்டோப் பட்டியலை அனுப்பும் முன்னும் அதுதான் வைத்தியம். மேலே மூன்று, நடுவில் மூன்று, அடியில் மூன்று. பெயரைப் படித்து, முகத்தைப் பார்த்து, டேட்டாபேஸோடு ஒத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

“கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது ஸார்” என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பண்ணாதுதான். அதற்கென்ன, பெண் பார்க்கவா வரப்போகிறது?